நம்பர் தெரியாத கார்

தபால்காரி செண்பகவல்லியின் சைக்கிள் கேமராவில் பதிவானதை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அசுர வேகத்தில் வந்த கார் அவளை உரசிக்கொண்டு போக, அவள் சைக்கிளோடு சாக்கடையில் விழுகிறாள். சேறு அப்பியிருந்ததால் காரின் நம்பர் மட்டும் தெரியவில்லை.

ஓட்டியவர் என்று அவள் கைகாட்டிய ஒன்றியச் சேர்மன் வேலாயுதப்பெருமாள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் காரை ரெண்டு நாளா வெளியவே எடுக்கலை. வீடியோல ஹாரன் சத்தம் காதைக் கிழிக்குது, குறைச்சு வைங்க."

இன்ஸ்பெக்டர் குறைத்தார். "ஏம்மா, ஓட்டினது இவர்தான்னு இப்பவே காட்டு. இல்லைன்னா பொய்ப் புகார்னு உன்னை உள்ள தள்ளிடுவேன்."

முழங்காலில் கட்டோடு நின்றவள் பணிவாகச் சொன்னாள்: "கடைசி வரைக்கும் ஓடட்டும் ஐயா. சத்தத்தை மட்டும் கூட்டி வைங்க."

விழுந்து கிடந்த கேமராவில் வானம்தான் தெரிந்தது. ஆனால் காரை நிறுத்தி இறங்கி வந்தவரின் குரல் கணீரென்று கேட்டது: "குறுக்க வந்து விழுறியா? நான் யாரு தெரியுமா? சேர்மன் வேலாயுதப்பெருமாள்! எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் போய்ச் சொல்லு!"

வாயருகே போன டீ கிளாஸ் அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார்.

"சொல்லச் சொன்னாருங்க ஐயா," என்றாள் செண்பகவல்லி. "வந்து சொல்லிட்டேன்."