காட்டுக்கோழி நாள்

மலையடிவாரக் காட்டில் ஒரு நரி இருந்தது. தினமும் காலையில் அது சுனைக்கரைப் பாறையில் ஏறி நின்று, இன்று எந்தத் தீனிக்கு உரிய நாள், இதே நாளில் முன்பு காட்டில் என்ன நடந்தது என்று அறிவிக்கும். நாவற்பழ நாள் என்றால் விலங்குகள் எல்லாம் நாவல் மரத்தடிக்கு ஓடும். கிழங்கு நாள் என்றால் தரையைக் கிளறிப் போடும். வரலாறு மட்டும் நரி அவ்வப்போது விடும் சரடு. அதையும் வாயைப் பிளந்து கேட்க அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

இதைப் பார்த்துச் செங்கொண்டை என்ற காட்டுச்சேவலுக்கு வயிறு எரிந்தது. கொண்டை பெரிது, மூளை சிறிது. மண்ணுக்குள் கிடக்கிற கிழங்குக்கு ஒரு நாள், காட்டையே எழுப்புகிற எனக்கு ஒன்றுமில்லையா என்று அது பொழுதெல்லாம் புலம்பியது. கடைசியில் நேராக நரியிடமே போய்த் தனக்கும் ஒரு நாள் வேண்டும் என்றது.

நரியே திகைத்துப் போயிற்று. இத்தனை வருஷத்தில் எந்தத் தீனியும் தானாக வந்து நாள் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு தடவை அது உண்மையும் பேசியது.

"இதெல்லாம் தின்கிற சாமானுக்கு உண்டான நாளப்பா. உனக்கு எதுக்கு?"

"எதுக்கா இருந்தா என்ன? எல்லாரும் என் பேரைச் சொல்லணும். வரலாற்றிலயும் நான் வரணும்."

அப்படியானால் நாளைக்கே வைத்துக்கொள்ளலாம், குடும்பத்தோடு வந்துவிடு என்றது நரி.

இதைக் கேட்டதும் சேவலின் பெட்டை பொட்டு ஓடி வந்து அதை வழிமறித்தது. அதற்கு ஆறு குஞ்சுகள்.

"நாவற்பழ நாளன்னிக்குச் சாயங்காலம் அந்த மரத்தைப் பார்த்தீங்களா? ஒரு பழமாவது மிச்சம் இருந்துச்சா?"

பழமும் நானும் ஒன்றா என்று சேவல் சீறியது. பொறாமை பிடித்தவள் என்றும் திட்டியது. பொட்டு அழுது பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது. பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மூங்கில் புதருக்குள் போய்ப் பதுங்கியது.

மறுநாள் சேவல் இறகைக் கோதிக்கொண்டு பாறை மேல் நின்றது. முன்வரிசையில் காட்டுப்பூனையும் மரநாயும் உட்கார்ந்து நாக்கைச் சப்புக்கொட்டின. அந்த மடச் சேவல் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டது.

"இன்று காட்டுக்கோழி நாள்! இதே நாளில்தான் செங்கொண்டையின் பாட்டனார் ஒரே கூவலில், திரும்பிப் போன மழையைக் காட்டுக்கு அழைத்து வந்தார்" என்று நரி முழங்கியது.

குரங்குகள் கை தட்டின. அப்படி ஒரு பாட்டனார் இருந்ததே சேவலுக்குத் தெரியாது. ஆனாலும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. சபைக்கு நன்றி சொல்லக் கழுத்தைத் தாழ்த்தியது. நரியின் வாய்க்கு அது வசதியாகப் போயிற்று.

பறந்த இறகுகளைப் பொட்டு புதருக்குள்ளிருந்து பார்த்தது. சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்து மூடிக்கொண்டது. பெண்டாட்டி பிள்ளைகள் வரவில்லையா என்று நரி வாயில் மென்றுகொண்டே விசாரித்தது.

அடுத்த நாள் ஈசல் நாள். சேவலின் பெயரைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

ஊர் தன்னைக் கொண்டாட வேண்டும் என்று அலைகிற முட்டாள், எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்காமலே அழிந்து போவான்.