மூன்று முறை செத்த பேச்சிக்கனி

தூத்துக்குடிப் பக்கத்தில் நெய்தல்வாணன் என்று ஓர் எழுத்தாளர். கவிதை, நாடகம், நாவல் மூன்றிலும் கை வைத்தவர். தும்மினால்கூட எதுகையோடுதான் தும்முவார். நம்பாவிட்டால் போங்கள், பக்கத்தில் நின்று நனைந்தவன் நான்.

அவர் ஒருநாள் உப்பளத்துக்குப் போய், பேச்சிக்கனி என்ற தொழிலாளியிடம் கதை கேட்டார். அவளும் சொன்னாள். கங்காணி அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். உப்பு வாரும் பலகையாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள். மறுநாள் அதே பாத்தியில் வந்து நின்று உப்பு வாரினாள். அதன்பின் மூன்று வருஷமாக எந்தப் பெண் பக்கமும் அவன் கை நீளவில்லை.

“எழுதுங்க அண்ணாச்சி. ஆனா நடந்ததை மாத்திப்புடாதீக.”

“ஒரு புள்ளிகூட மாறாது தங்கச்சி.” நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பேரை அப்படியே வைத்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிட்டார்! அடித்தவளைக் கடலில் இறக்கிவிட்டார். கவிதையில் அரைப் பக்கம் செத்தாள். நாவலில் நாற்பது பக்கம் செத்தாள். நாடகத்தில் பாட்டோடு செத்தாள்.

இயக்குநர் டென்சிங் நீலத் துணியை ஆட்டிக் கடல் காட்டினார். ஊரே அழுதது. முன்வரிசையில் உப்பள முதலாளி விட்ட கண்ணீரைப் பாத்தி கட்டியிருந்தால் இரண்டு மூட்டை உப்பு வாரியிருக்கலாம். அவரே மேடையேறி, பேச்சிக்கனியாக நடித்த ஜெசிந்தாவுக்கு மாலை போட்டார். “இன்னும் பத்து ஊர்ல போடுங்க, பந்தல் என் பொறுப்பு” என்றார்.

மறுநாள் அளத்தில் எல்லாப் பெண்களும் கேட்கும்படி கங்காணி சொன்னான்: “மானமுள்ளவ கடல்ல இறங்கிட்டா. இது இன்னும் உப்பு வாரிக்கிட்டுல்லா நிக்கி!” அந்த வாரமே, புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தியின் முந்தானையைப் பிடித்தான்.

பேச்சிக்கனி நேரே ஒத்திகைக்குப் போனாள்.

“என்னை எதுக்கு அண்ணாச்சி கொன்னீக?”

“நீ சாகலை தங்கச்சி. அமரத்துவம் அடைஞ்சிருக்க.”

“அப்ப நீங்க அடையுங்களேன்.”

டென்சிங் குறுக்கே வந்தார். “அடிச்சா ஜனம் கைதட்டிட்டுப் போயிடும்மா. செத்தாத்தான் அழும்.”

ஒத்திகைக்கு வந்திருந்த ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டாள். அன்று சாயங்காலம் ஆட்டம். நீலத் துணி ஆடியது, சாவுப் பாட்டு தொடங்கியது. ஜெசிந்தா கடலைத் தாண்டி நடந்து வந்து பலகையைத் தூக்கினாள். கங்காணி வேஷக்காரன் ஓடிய ஓட்டம் திருச்செந்தூரில்தான் நின்றது. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அளத்துப் பெண்கள் அடித்த விசிலில் பந்தல் கிழிந்தது.

“என் எழுத்துல கை வைக்க நீ யாரு?” என்று குதித்தார் நெய்தல்வாணன்.

“அவ கதையில கை வைக்க நீங்க யாரு சார்?” என்றாள் ஜெசிந்தா.

டென்சிங் அன்றே அவளை நாடகத்திலிருந்து நீக்கிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். எழுதுகிறவருக்கு முடிவை மாற்ற உரிமை கிடையாதா? நாடகம் நடத்துகிறவர் கூட்டத்தைப் பார்க்கக் கூடாதா? எழுதிக் கொடுத்ததை நடிக்க வந்தவள் எழுதாததைச் செய்யலாமா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எந்தக் கதையையும் மாற்ற எழுத்தாளருக்கு உரிமை உண்டு, மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய கதையைத் தவிர. டென்சிங் கூட்டம் அழுததைப் பார்த்தார். அதில் யார் அழுதார் என்று பார்க்கவில்லை. ஜெசிந்தா செய்ததும் குற்றம்தான், களவு போன பொருளை உரியவளிடம் சேர்த்த குற்றம். சரி அவள் பக்கமே. ஆனால் நியாயம் சொல்லி என்ன? இப்போது வேறொருத்தி ஊர் ஊராகப் பாட்டோடு செத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சிக்கனியும் விடுவதாக இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போய், முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள். போன வாரம் வாசலில் ஒருவன் மறித்து டிக்கெட் கேட்டிருக்கிறான்.

“செத்தவளுக்கு எதுக்குய்யா டிக்கெட்?” என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.