ஊசிப்போன பருப்பும் மங்கலப் புலவரும்

ஒரு காலத்தில் முல்லைக்கரை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் பேச்சுதான் அவனுக்கு வேதம்.

அவைப்புலவர் தத்தனார் ஒருநாள் ஓதினார்: “மன்னா, அழுகல், ஊசல், உளுத்தல் என்று அரண்மனையில் எவர் சொன்னாலும் ராஜ்ஜியத்துக்கு ஆகாது. அமங்கலம்!”

உடனே தண்டோரா. சொன்னவருக்கு நாடு கடத்தல்.

அகப்பட்டவள் மடைப்பள்ளித் தலைவி செங்கமலம். பருப்பைக் கிளறியவள், “அடச்சே, ஊசிப்போச்சு!” என்று குப்பைக்குழியில் கொட்டினாள். தத்தனார் பிடித்துக்கொடுத்துவிட்டார். அவள் அமைச்சர் இளந்திரையர் வைத்த ஆள். அதுவே தத்தனாருக்கு எரிச்சல்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் எல்லை தாண்டவேண்டும். இளந்திரையர் அவளைக் காப்பாற்ற நினைத்தார். கெஞ்சினால் ராஜா முறுக்கிக்கொள்வான். அதனால் சிரித்த முகமாக அவைக்குப் போனார்.

“நல்ல தீர்ப்பு மன்னா! மங்கலமாய்ப் பேசுகிறவர் கையில்தான் இனி மடைப்பள்ளி இருக்கவேண்டும். தத்தனாரை விட்டால் யார்?”

தத்தனார் பூரித்துப்போனார். மடைப்பள்ளித் தலைவர்தான் ராஜாவுக்கு முன்னால் முதல் கவளம் உண்ணவேண்டும் என்ற வழக்கம் அவர் நினைவில் இல்லை.

அதிகாரம் வந்ததும் முதல் உத்தரவு: “ஈ மொய்க்கும். வெந்த பருப்பைச் சூட்டோடு மூடு!” கோடை வெயில். நடுப்பகலில் மூடியைத் திறந்த பரிசாரகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பருப்பு எப்படி?” என்றார் தத்தனார்.

“மலர்ந்திருக்கு சாமி.”

“பலே!”

ராஜா பந்தியில் உட்கார்ந்தான். தத்தனார் கரண்டியைத் தூக்கினார். நூல் நூலாகப் பருப்பும் கூடவே எழுந்தது.

“சாப்பிடுங்கள் புலவரே, ராஜா பசியோடு இருக்கிறார்,” என்றார் இளந்திரையர்.

“மணம் கொஞ்சம்... முதிர்ந்து...”

“முதிர்ந்தால் நல்லதுதானே? ம், வாயைத் திறங்கள்.”

கவளம் நாக்கில் பட்டது. “ஐயோ, ஊசிப்போச்சு!”

பந்தி கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை, அடுத்த கவளம் அவனுடையது அல்லவா!

“அமைச்சரே, ‘கெட்டுப்போச்சு’ என்று மட்டும் சொல்லலாம் எனத் திருத்திவிடட்டுமா?”

“போதாது மன்னா. மாம்பழம் ஓரத்தில் அழுகினால் அரிந்தெறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம். இலை மக்கினால் வயலுக்கு உரம். உத்தரம் உளுத்தால் வீட்டைவிட்டு வெளியே ஓடவேண்டும். பருப்பு ஊசினால் மொத்தமும் குப்பைக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொன்னால், ஓடுவதா உண்பதா?”

சட்டம் அங்கேயே ரத்தானது. கோட்டை வாசல்வரை போயிருந்த செங்கமலத்தைப் பல்லக்கு அனுப்பி அழைத்துவந்தார்கள்.

“தப்பு என்னுடையது. என்ன வேண்டுமோ கேள் அம்மா,” என்றான் ராஜா.

அவள் பருப்பு அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

“காஞ்சு புடிச்சா தேய்க்க வராதுங்க மகாராஜா. புலவரைச் சீக்கிரம் அனுப்புங்க.”