வாய் திறக்காத குட்டை

காணும் பொங்கல் நெருங்க நெருங்க, ஏரியில் வாழ்ந்த செங்கழுத்தான் என்ற முக்குளிப்பான் பறவைக்கு இரை இறங்கவில்லை. போன வருஷம் அந்த நாளில்தான் ஊரே ஏரிக்கரைக்குத் திரண்டு வந்தது. வேனில் கட்டிய ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. புளிச்சோறு தின்ற கையோடு பிள்ளைகள் தண்ணீரில் கல்லெறிந்து விளையாடினார்கள். அதில் ஒரு கல் விழுந்து செங்கழுத்தானின் மிதக்கும் கூடு கவிழ்ந்தது. நான்கு முட்டைகளும் போயின.

இந்த வருஷம் மூன்று குஞ்சுகள். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அப்பன் முதுகிலும் அம்மா முதுகிலும் மாறி மாறிச் சவாரி செய்துகொண்டிருந்தன.

"அந்த ஒரு நாள் மட்டும் வேறெங்காவது போயிடலாம்" என்றது செங்கழுத்தான், தன் துணை சிற்றலகியிடம். "சத்தமே இல்லாத இடமா நான் பார்த்து வச்சிருக்கேன்."

வாய்க்கால் வழியே போனால் செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்த பழைய குட்டை ஒன்று இருந்தது. பொங்கலுக்குச் சூளையும் மூடிக் கிடந்தது. அங்கே ஒரு கீச்சொலிகூடக் கேட்கவில்லை. செங்கழுத்தான் அதைப் பார்த்து மயங்கிவிட்டது.

கரையில் இருந்த ஆட்காட்டிக் குருவி இதைக் கேட்டுவிட்டுப் பறந்து வந்தது. ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் பாம்பு நெளிந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை அது. அது கத்தியதும் தண்ணீரில் முங்கிப் பிழைத்துக்கொண்டு, பிறகு மேலே வந்து அதைத் திட்டுவது செங்கழுத்தானின் வழக்கம்.

"தம்பி, அந்தக் குட்டையில ஒரு தவளைகூட வாய் திறக்கறதில்லை. ஏன்னு விசாரிச்சியா?" என்று கேட்டது ஆட்காட்டி. "நானும் கூட வரேன். கரையில சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"நீ சும்மா உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லையே, அக்கா! உன் வாய்க்குப் பயந்தும்தான் நான் போறேன்" என்றது செங்கழுத்தான்.

ஆட்காட்டியின் முகம் வாடிவிட்டது. அது கரைக்கே திரும்பிப் பறந்தது.

காணும் பொங்கலன்று விடிந்ததும் குடும்பம் கிளம்பியது. கடைக்குட்டி அப்பன் முதுகில் இருந்தது. மற்ற இரண்டும் அம்மா சிற்றலகியின் முதுகில் இருந்தன. வழியெல்லாம் கடைக்குட்டி கீச் கீச்சென்று ஓயாமல் கத்திக்கொண்டே வந்தது.

குட்டைக்குள் நுழைந்ததும், பெரிய விரால் மீன் ஒன்று மெல்ல மேலே வந்து தலையைக் காட்டியது.

"வாங்க, வாங்க. இங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டாங்க" என்றது அது. "நானும் பிள்ளை குட்டி வளர்த்தவன்தான். பாவம், குழந்தையை எவ்வளவு தூரம் சுமந்து வந்தீங்களோ! இறக்கி விடுங்க. முதுகிலேயே வச்சிருந்தா எப்போ நீந்தப் பழகும்?"

செங்கழுத்தானுக்கு உடம்பெல்லாம் வலித்தது. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஒருவரை அது ஏரியில் பார்த்ததே இல்லை.

"என்னங்க, எனக்கு இந்த இடம் பிடிக்கலை. ஒரு தட்டான்கூடக் கண்ணில படலையே" என்றது சிற்றலகி.

"எங்கே போனாலும் உனக்கு ஒரு குறை" என்று சொல்லிவிட்டு, செங்கழுத்தான் கடைக்குட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டது. சிற்றலகி தன் முதுகில் இருந்தவற்றை இறக்கவில்லை. விரால் இருவருக்கும் தலையாட்டிவிட்டு அடிக்குப் போய்விட்டது.

கோரையின் நிழலில் செங்கழுத்தான் கண்ணை மூடியது. வேனும் இல்லை, பாட்டும் இல்லை, ஆட்காட்டியும் இல்லை. கடைக்குட்டியின் கீச் கீச் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பார்த்தியா, சின்னவன்கூட இங்கே வந்ததும் அடங்கிட்டான்" என்றது செங்கழுத்தான், கண்ணைத் திறக்காமலே.

சிற்றலகி திரும்பிப் பார்த்தது. குட்டையின் நடுவில் ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது. கடைக்குட்டியைக் காணோம்.

செங்கழுத்தான் முங்கியது. சேற்றைக் கலக்கித் தேடியது. மேலே வந்து, ஏரியில் ஒருநாளும் கத்தாத குரலில் கத்தியது. "என் பிள்ளையை யாராவது பார்த்தீங்களா?"

கோரைத் தூருக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. அங்கே ஒரு தவளை இருந்தது. அதன் பின்னால் இன்னும் பல தவளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கத்தாதே. அந்த விராலுக்குக் கேட்கும்" என்றது தவளை, தொண்டைக்குள்ளேயே. "நாங்களும் முன்னே பாடினவங்கதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதது சிற்றலகி.

"சொன்னவங்க யாரும் இப்போ இல்லையம்மா" என்றது தவளை.

பொழுது சாய்கிற நேரத்தில் நான்கு பேராக ஏரிக்குத் திரும்பினார்கள். கரை முழுக்கக் கரும்புச் சக்கையும் இலையுமாகக் கிடந்தது. கடைசி வேன் அப்போதும் அலறிக்கொண்டிருந்தது. அந்த நாள் முழுக்க ஆட்காட்டி கத்திக் கத்தி, ஏரியில் மற்றவர்களின் குஞ்சுகள் எல்லாம் பிழைத்திருந்தன. அதற்குக் குரல் கம்மிப்போயிருந்தது.

வந்தவர்களை அது பார்த்தது. இரண்டு குஞ்சுகளையும் பார்த்தது.

அப்போது கரையில் ஒரு நாய் இறங்கியது. ஆட்காட்டி கம்மிய தொண்டையால் மறுபடியும் கத்தியது. செங்கழுத்தான் இரண்டு குஞ்சுகளையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு விலகி நீந்தியது. திட்ட அதற்கு வாய் வரவில்லை.

சத்தம் இல்லாத இடமெல்லாம் நிம்மதியான இடம் ஆகிவிடாது. அங்கே எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிள்ளையை இறக்கிவிட வேண்டும்.