கண்ணாடி வெளுத்த நேரம்

ஏலகிரி அடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் தியான மண்டபத்துக்கு முன்பக்கம் சுவர் கிடையாது, முழுக்கக் கண்ணாடி. போட்டுக் கொடுத்தவர் தணிகாசலம். அறுபத்திரண்டு வயதில் சீடராகச் சேர்ந்தவர். அதுவரை எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். கை சும்மா இருக்குமா?

சுவிட்சைப் போட்டால் கண்ணாடி தெளிந்து வாசலும் மலையும் தெரியும். அணைத்தால் பாலாக வெளுத்துத் திரையாகிவிடும். அதில் குரு திலகவதி அம்மாவின் பழைய உரைகளை ஓட்டுவார். அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவருடைய சாமர்த்தியத்தைப் பார்த்து அம்மா பாராட்டவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

ஒரு மாலை தணிகாசலம் அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"என்ன ஐயா?"

"என் தம்பி சபாபதி போன மாசம் இங்க வந்திருக்கான்மா. மகளுக்குக் கல்யாணம். தாம்பாளத்தோட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னிருக்கான். நான் உள்ள குனிஞ்சு ரிமோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நிமிராமலே அணைச்சுட்டேன். அதைப் பார்த்த வாட்ச்மேன் அன்னைக்கே ஊருக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் வந்து சொல்றான். கல்யாணம் வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சு."

தாய் இறந்த வீட்டில் வார்த்தை தடித்து, அண்ணனும் தம்பியும் பதினோரு வருடமாகப் பேசுவதில்லை. ஆனால் பெரியப்பனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் அந்தக் குடும்பத்தில் பெண்ணுக்குத் தாலி ஏறியதில்லை. அதற்காக ரோஷத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறான் மனிதன்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"உரை முடியிற வரைக்கும். ஒரு மணி நேரம்."

"என்ன உரை?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிக்கிறதைப் பத்தி நீங்க பேசினது."

அம்மாவுக்கும் அது வலித்தது. பிறகு பூஜை அறையிலிருந்து தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"அவரு நின்ன இடத்துல போய் நில்லுங்க."

தணிகாசலம் வெளியே போய் நின்றார். உள்ளே அம்மா உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அம்மா ரிமோட்டை எடுத்தார். கண்ணாடி வெளுத்தது.

எந்த ஒயர் எங்கே போகிறது என்று அறிந்தவர் அவர். இருந்தும் நெஞ்சு சுருக்கென்றது. தட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தார், இரண்டு கையிலும் தாம்பாளம் இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. தோள் கடுத்தது. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியபோது கண்ணாடி தெளிந்தது.

உள்ளே வந்து தாம்பாளத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"பத்து நிமிஷமே என்னால தாங்க முடியலைம்மா. அவன் ஒரு மணி நேரம் நின்னிருக்கான்."

அம்மா தாம்பாளத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவனுக்கு இது மெஷின்னு தெரியாது. பார்த்துட்டுத்தான் மூடினேன்னு நினைச்சிருப்பான். நாளைக்கே நேர்ல போறேன். எல்லாம் இந்தக் கண்ணாடியால வந்த வினைன்னு விளக்கமாச் சொன்னா புரிஞ்சுக்குவான், இல்லம்மா?"

"அந்த ஒரு மணி நேரத்தைப் புரிஞ்சுக்குவாரு ஐயா. பதினோரு வருஷமா நடுவுல எந்தக் கண்ணாடி இருந்துச்சுன்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?"