இஸ்ரவேல் சார் நீக்கிய பைத்தான்

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இஸ்ரவேல் கணக்கு வாத்தியார். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. கணக்குக் குறிகளைப் பிரெயிலுக்கு மாற்ற ஒரு நிரல் எழுத வேண்டும், அவ்வளவுதான். குருவாக வாய்த்தவர் அதே பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் ஹசீனா. சிஷ்யரைவிட இருபது வயது இளையவர், பொறுமையில் மூத்தவர்.

சிஷ்யரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நிரல் ஓடவில்லை என்றால் காரணம் தேடமாட்டார். பைத்தானை இன்னொரு முறை நிறுவிவிடுவார். கம்ப்யூட்டரோடு வந்தது ஒன்று, இவராக நிறுவியது ஒன்று, ஏதோ வீடியோவைப் பார்த்து நிறுவியது ஒன்று என ஒரே கம்ப்யூட்டரில் மூன்று சேர்ந்துவிட்டன.

மறுநாள் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. வினாத்தாளை மாலைக்குள் பிரெயிலில் அச்சிட்டாக வேண்டும். இஸ்ரவேலின் நிரல் புதிய பைத்தானில்தான் ஓடும். ஆனால் ‘பைத்தான்’ என்று தட்டினால் பழையது வந்து நின்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் பழையதே.

“ஒன்ன யாருல கூப்பிட்டா?” என்று திட்டிவிட்டு, அதை அடியோடு நீக்கினார்.

திரையில் இருந்ததெல்லாம் மறைந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ வந்தது. அதற்கு மேல் கம்ப்யூட்டர் அசையவில்லை. வினாத்தாளும் அதற்குள்தான் இருந்தது. உடனே ஹசீனாவுக்கு ஆள் அனுப்பினார். வருஷம் முழுக்கப் படித்த பிள்ளைகளிடம் நாளைக்கு என்ன சொல்வது?

ஹசீனா வந்து பார்த்தார்.

“என்ன சார் செஞ்சீங்க?”

“பழசத் தூக்கிட்டேன் டீச்சர். வேண்டாததுதானன்னு…”

“கம்ப்யூட்டரோட வந்ததையா?”

“ஆமா.”

ஹசீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் இஸ்ரவேலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கறுப்புத் திரையிலேயே கட்டளைகளைத் தட்டித் தட்டி, நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தார். திரை பழையபடி ஆனது. பிறகு இஸ்ரவேலின் நிரலுக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, புதிய பைத்தானை அந்த வேலைக்கு மட்டும் என்று அங்கே வைத்தார். பிரெயில் அச்சு இயந்திரம் சத்தத்தோடு வேலையைத் தொடங்கியது.

பயம் போனதும் சிஷ்யருக்குச் சந்தேகம் வந்தது.

“டீச்சர், இந்த மூணுல எது நெசமான பைத்தான்? அத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எடுத்துருவோமே.”

ஹசீனா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வராந்தாவைப் பார்த்து, “சார்!” என்று கூப்பிட்டார்.

பக்கத்து அறையிலிருந்து, தினமும் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவரும் டிரில் மாஸ்டர் கொம்பையா ஓடி வந்தார். கழுத்தில் விசில் ஆடியது.

“என்ன டீச்சர்?”

“ஒண்ணுமில்ல சார். ஹெச்.எம். சாரைக் கூப்பிட்டேன்.”

“அவரு ரூமு அந்தக் கடைசியிலல்லா இருக்கு? வெறுமன சாருன்னா பக்கத்துல இருக்கவன்தான் வருவான்.” முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஹசீனா வந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேன். எது வேணுமோ அத முழு முகவரியோட கூப்பிடணும்.”

“ம்.”

“இனிமே அப்படியே கூப்பிடுதேன். ஆனா டீச்சர், அந்தப் பழசால எனக்கு ஒரு உபயோகமும் இல்லையே. அது என்னத்துக்கு?”

அச்சாகி வந்த முதல் தாளை ஹசீனா எடுத்தார். புள்ளிகள் சரியாக எழும்பியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

“கொம்பையா சார் உங்களுக்குக் கணக்குல ஏதாவது உதவி பண்றாரா?”

“அவருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்போ அவரை அனுப்பிருவோம். நாளைக்குக் காலைல ஹாஸ்டல்ல இருந்து பிள்ளைங்க எல்லாரையும் நீங்களே பரீட்சை ஹாலுக்குக் கூட்டிட்டு வந்துருங்க.”