தேர் நிற்காத வாசல்

பொன்னாவரத்தில் கோடை வந்தால் கிணறெல்லாம் வற்றிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டவேண்டும், கட்டாதவர்களுக்குக் கசையடி என்று மந்திரி திருமேனிநாதர் சட்டம் போட்டார். ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? காவலர் சோதனைக்கு வந்தால் கூரைக்குக் கீழே ஒரு பெரிய அண்டாவை வைத்து, "இதுதான் தொட்டி" என்பார்கள். காவலர் தலை மறைந்ததும் அதே அண்டா கொல்லைச் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இந்தக் கதையைக் காவலர் தலைவன் ராஜசபையில் சொல்ல, திருவிழா விஷயமாக வந்திருந்த மாடக்கண்ணு சிரித்துவிட்டான். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரை நிறுத்துகிறவன் அவன்.

மந்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கிறாயா? தேரோட்டத்துக்குள் நீ கட்டவைத்துக் காட்டு! காவலும் தரமாட்டேன், காசும் தரமாட்டேன். முடியாவிட்டால் கசையடி உனக்குத்தான்."

"எதுவும் வேண்டாம் சாமி. தொட்டி கட்டிய வீட்டு வாசலில்தான் தேர் நிற்கும் என்று மகாராஜா ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

ராஜா சொன்னார். மறுநாளே ஊரில் சும்மா இருக்கும் கொத்தனார் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

தேரன்று வாசலுக்கு வாசல் நின்று வந்த தேர், மந்திரி வீட்டம்மா தேங்காய்த் தட்டோடு காத்திருந்த வாசலை மட்டும் தாண்டியது.

"டேய், கட்டையைப் போடுடா!" என்று மந்திரி ஓடிவந்தார்.

"தொட்டி எங்கே சாமி?"

"அதோ, கூரைக்குக் கீழே!"

மாடக்கண்ணு எட்டிப் பார்த்தான். "ஊரெல்லாம் சுற்றின அண்டா கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்ததா?"

வடம் பிடித்தவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். தேர் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றது.